தள்ளுபடியில் ஒரு நஜ்டார்ஃப்

'தள்ளுபடி இன்று இரவோடு சரி' என்று செஸ் பாடம் விற்கும் தளங்கள் வாராவாரம் பதறுகின்றன. அதைவிடப் பதறி, டெல்லி கரோல் பாக் தமிழ்ப் பெற்றோர் 1200 ரேட்டிங் பிள்ளைக்கு சிசிலியன் நஜ்டார்ஃப் என்ற தொடக்க ஆட்டத்தின் பாடத்தை வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளையும் இருபது மூவ் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். எதிரே உட்காரும் ஜனக்புரிப் பொடியன் அந்தப் பாடத்தை வாங்காதவன். இரண்டாவது மூவிலேயே மந்திரியை வெளியே இழுத்துவிடுகிறான். நம்மவன் மின்விசிறியைப் பார்க்கிறான். சற்று நேரத்தில் குதிரை சும்மா போகிறது. குதிரையைக் காப்பது வேறு பாடம், வேறு விலை.

2000 ரேட்டிங்கைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பாடங்கள் கொடுத்த காசுக்குப் பயன்படும், மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு லீசெஸ் தளத்தில் செஸ் புதிர்கள் கொட்டிக் கிடக்கின்றன. இலவசம் என்பதுதான் அவற்றின் குறை.

இந்தத் தளங்களின் பதற்றம் தொடங்குமுன்பே டெல்லிப் பையன் பரிமார்ஜன் நேகி 2006-ல், 13 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்னொரு கிராண்ட்மாஸ்டர் குகேஷுக்கு அவருடைய சிறுவயதுப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வெகுகாலம் கணினி எஞ்சினையே காட்டாமல், மண்டையாலேயே கணக்குப் போட வைத்தார். இதை ஒரு தகப்பனாரிடம் சொன்னால், உடனே போனை எடுக்கிறார்: "எஞ்சின் இல்லாமல் ஆடுவதற்கு ஏதாவது கோர்ஸ் இருக்கா சார்?"