கடைசி வரியில் ரோபோ

போட்டிக்குத் தலைப்பு ‘தண்ணீர்’ என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு விழுந்து டீ ஆறுவதற்குள் அறிவியல் கதை எழுதும் நண்பரிடமிருந்து போன். “சார், கதை ரெடி.”

வியக்க வேண்டாம். கதை பல வருடமாகவே ரெடி. ஆண்டு 2187. டாக்டர் ராபர்ட் என்ற விஞ்ஞானி ஏதோ ஒரு கிரகத்திலிருந்து பூமிக்குத் திரும்பிக்கொண்டிருப்பார். கடைசி வரியில் அவர் மனிதரே இல்லை, ரோபோ. தலைப்பு மாறும்போது ராபர்ட் சட்டையை மட்டும் மாற்றிக்கொள்வார்.

‘தண்ணீர்’ என்றால் ராபர்ட் செவ்வாயில் நீர் தேடுகிறார். ஆனால் கதை முழுக்க ஒரு மடக்குகூடக் குடிப்பதில்லை. “அதான் சார் க்ளூ, கவனிச்சீங்களா?” ‘தாய்மை’க்கு ராபர்ட் அம்மாவைத் தேடிப் போனார், அம்மா என்பது மதர்போர்டு. ‘முதுமை’யில், தாத்தாவுக்கு ஏன் நரைக்கவே இல்லை என்று பேரன் கேட்டான், கடைசி வரியில் பேரனும் ரோபோ. பொங்கல் மலருக்கு ‘உழவு’ கேட்டார்கள். ராபர்ட் ஏர் பிடித்தார், வேர்வை சிந்தவில்லை. ‘காதல்’ வந்தபோது காதலி அவர் மார்பில் காது வைத்துக் கேட்டாள். உள்ளே ஃபேன் ஓடியது. அந்த ஃபேன் நன்றாக இருப்பதாகச் சொல்லிவைத்தேன். அன்று முதல் எல்லாக் கதையிலும் ஃபேன் ஓடுகிறது, செவ்வாயிலும்கூட. ‘நகைச்சுவை’ என்று ஒருமுறை தலைப்பு வந்தபோது மட்டும் கொஞ்சம் திணறினார். பிறகு அதே கடைசி வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி போட்டு அனுப்பிவிட்டார்.

கதையை அனுப்பும் முன் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுக்கும் இடம் ஆவடியில் கிளம்பும் மின்சார ரயில். அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று நிலையங்கள் போகும். நாம் இறங்க முடியாது. பட்டரவாக்கம் வரும்போது ராபர்ட்டுக்கு மூக்குக்கு மேல் ஒரு திருகாணி தட்டுப்படும்.

2187க்கும் காரணம் வைத்திருக்கிறார். ‘என் இனிய இயந்திரா’வை விகடனில் தொடராக வரும்போதே படித்தவர். சுஜாதா அந்தக் கதையை 2020களில் வைத்தார்; ஜீனோ என்ற ரோபோ நாய் அதில் புத்தகம் படிக்கும். 2020கள் வந்துவிட்டன. கொரட்டூர் நாய்கள் இன்னும் டூவீலரைத்தான் துரத்துகின்றன. “அவர் ரொம்பக் கிட்டத்துல வெச்சுட்டார் சார். நான் நல்லாத் தள்ளி வெச்சிருக்கேன். ஒருத்தனும் வந்து கேக்க முடியாது.”

மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பாரா? சிங்கப்பூரிலிருந்து வரும் அரூ மின்னிதழ் 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது, ஜெயமோகன் நடுவர். தேர்வான கதைகளை அனுப்பிவைத்தேன். திறக்கவில்லை. “படிச்சா பாதிப்பு வந்துடும் சார்.” சித்த மருத்துவத்திலும் ரசவாதத்திலும் அறிவியல் கதை எடுக்கலாம் என்று காட்டிய ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பைக் கையிலேயே கொடுத்தேன். அது இப்போது அவர் வீட்டு மோடத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருவது வேறு இடத்தில். இந்த மனிதர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி லேத் ஓட்டியே தலை நரைத்தவர். பக்கத்து மெஷினில் இன்சர்ட் தேய்ந்தால் சத்தத்திலேயே சொல்வார்: “டூல் கத்துது, நிறுத்து.” நிறுத்திப் பார்த்தால் முனை போயிருக்கும். ஆஃப்செட் போட்டு முதல் ஜாப் எடுத்தால் பத்து மைக்ரானுக்குள் நிற்கும். மைக்ரோமீட்டர் பிறகுதான் அதை ஒப்புக்கொள்ளும். அவர் அப்பா ஆவடி டாங்கி தொழிற்சாலையில் இருந்தவர். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்ததை இவர் சொல்லிக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். இப்போது பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் எழுந்து நிற்கிறது; அதன் நிழல் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு விழும் என்பதுகூட அவருக்குத் தெரியும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ராபர்ட்டை நெவாடா பாலைவனத்தில் இறக்குகிறார். அமெரிக்காவை அவர் பார்த்ததெல்லாம் டப்பிங் படத்தில்.

“உங்க லேத்தைப் பத்தி எழுதுங்களேன்” என்றால் முகம் சுருங்கிவிடும். “அதுல என்ன சார் சயின்ஸ் இருக்கு?”

போன மாதம் ‘தொழிற்சாலை’ என்றே தலைப்பு வந்தது. இனித் தப்பிக்க வழியில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். கதை வந்தது. ராபர்ட் இந்த முறை டெட்ராய்ட்டில் சிஎன்சி ஆபரேட்டர். நைட் ஷிஃப்ட். கூலன்ட் வாடை சட்டையில் ஏறி, துவைத்தாலும் போகாமல் இருப்பதைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தார். அப்படி ஒரு பத்தியை நான் எங்கும் படித்ததில்லை. பிறகு டெட்ராய்ட் ராபர்ட் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்: எலுமிச்சை சாதம், மோர்மிளகாய். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த வரியில் சாப்பிடாமலே மூடி வைத்துவிட்டார். க்ளூவாம்.