புகைக்கு விழுந்த ஓட்டு

கேள்வி: நிலக்கரியை நம்பிப் பிழைக்கும் மாநிலத்தின் செனட்டர், புகைக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா?

பதில்: ஊரில் இருப்பவர்களுக்கும் நுரையீரல் உண்டே!

அனல்மின் நிலையப் புகையில் வரும் பாதரசத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011 டிசம்பரில் வரம்பு கட்டியது. ஆண்டுக்கு 11,000 அகால மரணங்கள் வரை தடுக்கலாம் என்பது அதன் கணக்கு. புகைபோக்கியில் கிளம்பும் பாதரசம் ஏரியில் இறங்கி, மீனில் சேர்ந்து, கர்ப்பிணியின் சாப்பாட்டுத் தட்டு வழியாகச் சிசுவின் மூளைவரை போகும்.

அந்த வரம்பை ரத்துசெய்ய ஒக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் தீர்மானம் கொண்டுவந்தார். 1964இல் தொண்டராகச் சுரங்க ஊருக்கு வந்து மேற்கு வர்ஜீனியாவிலேயே தங்கிவிட்ட அந்த மாநில செனட்டர் ஜே ராக்ஃபெல்லர் அதை எதிர்த்து எழுந்தார். மக்களைப் பயமுறுத்தும் வேலையை நிலக்கரித் தொழில் கைவிட வேண்டும் என்று அவையிலேயே முகத்துக்கு நேராகச் சொன்னார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிச்சல்? அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டர் ஜோ மான்சின் தீர்மானத்தை ஆதரித்தார்.

2012 ஜூன் 20: ஆதரவு 46, எதிர்ப்பு 53. வரம்பு தப்பியது.

தப்பாமல் போயிருந்தால்? இத்தகைய தீர்மானங்களுக்கு வழிவிடும் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரத்தான விதியைப் போன்ற இன்னொன்றை முகமை தானாகக் கொண்டுவர முடியாது. காங்கிரஸ் புதிதாகச் சட்டம் போட வேண்டும். 2025 மே மாதம் கலிபோர்னியாவின் வாகனப் புகை விதிகள்மீது இதே சட்டம் பாய்ந்தது. அப்போது வந்த தீர்மானங்களில் ஒன்று செனட்டில் 51க்கு 44 என்று நிறைவேறிவிட்டது.