முப்பதடிப் பாம்பும் மூணடி உண்மையும்

தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பாம்பு பெருகியதைவிடப் பாம்புக் கதை பெருகியதுதான் அதிகம். விடியற்காலையில் மரம் சீவப் போனவர் நிரையில் ஒரு பாம்பைப் பார்த்திருப்பார். பால் ஸ்டோரில் எடை போடும்போது அதற்கு நாலு அடி. மத்தியானம் லயத்துக்கு வந்து சேரும்போது ஏழு அடி. சாயங்காலம் கள்ளுக்கடையில் பன்னிரண்டு. ராத்திரி பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்ததும் தலையில் மாணிக்கக் கல் வேறு முளைத்துவிடும். அந்தப் பாம்போ பாவம், அதே நிரையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். ஒரே நாளில் தனக்கு இத்தனை புரமோஷன் வந்த சங்கதியே அதற்குத் தெரியாது.

வேறு ஊரில் இப்படி அளந்தால் "இவரை டி.ஆருக்கு அனுப்புங்கப்பா" என்பார்கள். டி.ஆர். என்றால் தஞ்சோங் ரம்புத்தான்; 1911இல் இங்கே மனநல மருத்துவமனை திறந்ததிலிருந்து நாடு முழுக்க இந்த ஜோக்தான். இன்று அதற்கு ஹோஸ்பிட்டல் பஹாகியா என்று அழகான பெயர் இருக்கிறது; ஜோக் மட்டும் மாறவில்லை. ஆனால் அந்த மிரட்டல் எங்கள் ஊர்க்காரர்களிடம் செல்லாது. நாங்கள் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறோம்!

தாத்தாக்களை மட்டும் கிண்டல் பண்ணுவது நியாயமில்லை. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கும் இதே வியாதிதான். முப்பதடிப் பாம்பை உயிரோடு கொண்டுவந்தால் 1,000 டாலர் என்று அறிவித்தார். அதன்பின் நியூயார்க் விலங்கியல் சங்கம் பரிசை ஏற்றிக்கொண்டே போய் 50,000 டாலரில் நிறுத்தியது. கிட்டத்தட்ட நூறு வருஷம் காத்திருந்தார்கள். ஒருத்தரும் வரவில்லை. 2002இல் பரிசையே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கள்ளுக்கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாரத்துக்கு மூன்று கிடைத்திருக்கும்.

துரைமார் மட்டும் என்ன, ஒழுங்கா? பங்களாச் சுவரில் மலைப்பாம்புத் தோலை ஆணியடித்து மாட்டி, வருகிற விருந்தாளிக்கெல்லாம் விஸ்கியோடு அதையும் பரிமாறுவார்கள். உரித்த தோலை இழுத்தால் இருபது, இருபத்தைந்து சதவீதம் நீளும் என்பதை விருந்தாளியிடம் யாரும் சொல்வதில்லை. துரைக்கு ஆணி, நம்மவருக்கு நாக்கு. இரண்டும் இழுக்கிற கருவிதான்.

டேப் வந்த காலத்திலாவது திருந்தினோமா? 2016 ஏப்ரலில் பினாங்கு பாயா தெருபோங்கில், மேம்பாலம் கட்டுகிற இடத்தில் ஒரு மலைப்பாம்பு அகப்பட்டது. 8 மீட்டர், 250 கிலோ என்று செய்தி உலகம் சுற்றியது. கின்னஸ் புத்தகத்தில் இருந்த அமெரிக்கப் பாம்பு 7.67 மீட்டர்தான், ஆக, மலேசியா போலே! அதிகாரபூர்வமாக அளக்க ஆள் வருவதற்குள் அந்த அம்மா முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போனார். கதை மட்டும் எட்டு மீட்டரில் உயிரோடு இருக்கிறது.

நிஜமாகவே அளந்து பதிவான ராட்சதர் ஒருவர் உண்டு. 1937 ஏப்ரலில் போர்ட் டிக்சன் பக்கம் பிடிபட்ட ராஜநாகம். நம் ஆட்கள் ரஜூலா கப்பலில் டெக்கில் படுத்து மலாயா வந்துகொண்டிருந்த காலத்தில், இவர் மலாயாவிலிருந்து லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போய்ச் சேர்ந்தார். கண்ணாடிப் பெட்டி, தீனி, டிக்கெட் வாங்கிப் பார்க்க வரும் ஜனம். ஊரில் அடிபட்டுச் சாக வேண்டியவருக்கு ராஜ வாழ்க்கை! அங்கே வளர்ந்து 5.71 மீட்டரைத் தொட்டார். கிட்டத்தட்டப் பதினெட்டே முக்கால் அடி. உலகத்து விஷப்பாம்புகளிலேயே அதுதான் சாதனை.

1939 செப்டம்பரில் யுத்தம் வந்தது. குண்டு விழுந்து பெட்டி உடைந்தால் பாம்பு ஊருக்குள் போய்விடுமே என்று மிருகக்காட்சி சாலைக்காரர்களுக்கு உதறல். இருந்த விஷப்பாம்புகளையெல்லாம் கொன்றுவிட்டார்கள், நம்மவர் உட்பட. ஹிட்லர் லண்டன் மேல் ஒரு குண்டும் போட்டிருக்கவில்லை. அதற்குள் அந்த யுத்தத்தில் செத்த முதல் மலாயாக்காரர் இவராகத்தான் இருக்கவேண்டும். சூரியனே மறையாத சாம்ராஜ்யம் ஒரு பாம்புக்கு நடுங்கிய அதே வருஷம், இங்கே லயத்துப் பாட்டிகள் கூரையில் பாம்பு, அடுப்படியில் தேள், பாய்க்கடியில் பூரான் சகிதம் நிம்மதியாகக் குறட்டை விட்டார்கள். ஆயுதம்: ஒரே ஒரு விளக்குமாறு.

வீட்டு ஆண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

"ஏங்க, குளிக்கிற எடத்துல வாளிக்குப் பின்னால ஏதோ நெளியுது, வந்து பாருங்க!"

"நீதான் பாத்துட்டியே. நான் வேற எதுக்கு?"

"அடிக்கணும்ல!"

"வெள்ளிக்கிழமை அதுவுமா அடிக்கச் சொல்றியே, நாகம்மா கோவிச்சுக்க மாட்டாளா?"

அன்று செவ்வாய்க்கிழமை. வாளிக்குப் பின்னால் இருந்தது பூரான். பக்தி எந்த நேரத்தில் வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொரு பெரிய மனிதர் தோட்டத்து மந்திரவாதி. கடிபட்டவரைத் தூக்கி வந்தால் வேப்பிலை, விபூதி, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. மறுநாள் ஆள் எழுந்து கஞ்சி குடிப்பார். மந்திரவாதிக்கு ஒரு சேவலும் ஐந்து வருஷத்துக்குப் புகழும் கிடைக்கும்.

இந்த வியாபாரத்தில் மண்ணைப் போட்டவர் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் அலிஸ்டர் ரீட். 1950களிலும் 60களிலும் வட மலாயாவில் குழிவிரியன் கடித்து வந்தவர்களைக் கட்டில் கட்டிலாகக் கவனித்து எழுதி வைத்தார். அதில் தோட்டத்து ஆட்கள் ஏராளம். காரணம் எளிது: இந்தப் பாம்பு ஓடி ஒளியாது, சருகுக்குள் சருகாகக் கிடக்கும், சீவுகிறவர் இருட்டில் வெறுங்காலோடு போய் மிதிப்பார். கடித்த பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும், ரசீது கொடுக்கக் காத்திருக்கிற கிராணி மாதிரி. ரீட் கூட்டிப் பார்த்தால், கடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விஷம் ஏறவே இல்லை, அல்லது லேசாகத்தான் ஏறியிருந்தது. அதாவது எந்த மந்திரத்துக்கும் பாதிக்குப் பாதி பாஸ் மார்க் உறுதி! அதை நம்பி இன்றைக்கும் விபூதியோடு உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் எந்தப் பாதி என்று பாம்பு முன்கூட்டிச் சொல்லாது.

இதில் வேடிக்கை, அந்தப் பாம்பு கடித்தவர்களுக்கு ரத்தம் நாள்கணக்கில் உறையாமலேயே இருந்ததை ரீட் கவனித்தார். அந்த விஷத்திலிருந்தே ரத்தக்கட்டிக்கு ஒரு மருந்து வந்தது. சேவல் வாங்கியவர் மந்திரவாதி. மருந்து கொடுத்தது குழிவிரியன்.

பினாங்கு பாம்புக் கோவிலிலும் இதே கூத்துதான். ஊதுபத்திப் புகையில் மயங்கித்தான் பாம்புகள் அசையாமல் கிடக்கின்றன என்று எத்தனை பேர் விளக்கம் சொல்லியிருப்பார்கள்! அந்த ஜாதி விரியன் புகையே இல்லாத காட்டிலும் ஒரே கிளையில் நாள்கணக்கில் அசையாமல்தான் இருக்கும். இரை தானாக வரட்டும் என்கிற கொள்கை. சோம்பேறித்தனத்துக்குத் தெய்வீகக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தது நாம்.

அளவு பார்த்துப் பயப்படுவது நம் பரம்பரைச் சொத்து. கைப்பிடி அளவு கருந்தேளைக் கண்டால் ஊரே ஓடும். கொட்டினால் வலித்துவிட்டுப் போய்விடும் ஆசாமி பெரும்பாலும் அதுதான். ஷூவுக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கிற பூரானிடம் கடி வாங்கியவரைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வார்.

இப்படி முப்பதடிக்குக் குறைந்த எதையும் ஏறெடுத்துப் பார்க்காத நாங்கள், பக்கத்துச் செம்மோரில் இருக்கும் கந்தான் மலையைக் கோட்டை விட்டோம். அந்தச் சுண்ணாம்பு மலைக் குகைச் சுவரில் ஒரு சிலந்தி, கதவு வைத்த வீடு கட்டி, வாசலிலிருந்து நாலாபக்கமும் நூல் இழுத்து விட்டிருக்கிறது. பூச்சி நூலை இடறினால் உள்ளே அம்மணிக்கு மணி அடித்த மாதிரி. காலிங் பெல்! வேறெங்கும் கண்டதில்லை என்று 1997இல் மலையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2014இல் ஒரு பல்லிக்கும் அதே மரியாதை.

அதே வருஷம் அங்கே சில மில்லிமீட்டர் அளவில் ஒரு நத்தையும் அகப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயர், அந்த மலையில் அப்போது கல் வெட்டிக்கொண்டிருந்த லபார்ஜ் கம்பெனியின் பெயர். நத்தை பிழைப்பதும் போவதும் கம்பெனி கையில்தானே, அதனால் என்றார்கள். இத்தனை வருஷம் இத்தனை பாம்பை அடித்து, பிடித்து, ஓடி, அளந்து விட்ட எங்கள் தாத்தாக்கள் பெயரை ஒரு மண்புழுவுக்குக்கூட யாரும் வைக்கவில்லை. மலையை வெட்டியிருக்க வேண்டும் போலிருக்கிறது. மனிதர்கள் வெறும் மரத்தைச் சீவிக்கொண்டிருந்துவிட்டார்கள்.