ஓம்னி மைலேஜ் இலக்கணம்

மைலேஜ் மூவகைப்படும். பழைய வேனை விற்க வருபவர் சத்தியம் செய்து சொல்வது சொல்மைலேஜ். கம்பெனிப் புத்தகத்தில் அச்சானது ஏட்டுமைலேஜ். டேங்கை நிரப்பி, ஓட்டிவிட்டு, அதே பங்கில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவது மெய்மைலேஜ். முள்ளைப் பார்த்துச் சொல்வதை நான்காவதாகக் கொள்வாரும் உளர், அது சோதிடத்தின்பாற்படும்.

ஆய்வுக்குரிய வண்டி, 1984-இல் மாருதி வேனாகப் பிறந்து, பிறகு ஓம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நின்ற 796 சிசி ஊர்தி. அதிலும் பழைய கார்புரேட்டர் இனம். பின் சீட்டைக் கழற்றிப் பலகை போட்டு மெத்தை விரித்தால் உள்ளேயே படுத்துக்கொள்ளலாம். களம், ஐயப்பன்தாங்கலிலிருந்து ஏலகிரி வரை.

இதன் மைலேஜுக்குப் பகை ஐந்து: மேற்பகை, கீழ்ப்பகை, உட்பகை, காற்பகை, வழிப்பகை.

மேற்பகையாவது கேரியர். அது சுமையுள்ளது, சுமையற்றது, தார்ப்பாய் படபடப்பது என விரியும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி 60-இலிருந்து 85-க்கு மிதித்தால் இருமடங்கு மல்லுக்கட்ட வேண்டும். ஓம்னியின் முகமோ செங்குத்துச் சுவர். அதன் தலையில் அடுப்பும் கூடாரமும் பாயும் ஏற்றினால் சுவர் இன்னும் உயர்கிறது. சுமையுள்ள கேரியருக்காவது ஒரு நியாயம் உண்டு. ஊர் திரும்பிய பிறகும், காய்கறி வாங்கப் போரூர் போகும்போதும் வெறுமனே ஊளையிடும் கேரியரை எந்த இலக்கணத்தில் அடக்குவது? இறுக்கிய நட்டுகளை ஸ்பேனரால் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

கீழ்ப்பகை, டயரில் காற்றுக் குறைவும் பிரேக் பிடிப்பும். காற்றைக் காலையில், டயர் சூடேறுமுன் பார்ப்பது முறை. பிரேக்குக்கு: கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது.

உட்பகைக்கு முன் சீட்டைத் தூக்க வேண்டும். என்ஜின் அங்கேதான் பதுங்கியிருக்கிறது. மவுண்ட்-பூந்தமல்லி சாலைப் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்தால் கார்புரேட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும். பிளக்கைக் கழற்றுங்கள்: முனை காபித்தூள் நிறமெனில் நலம், கரியெனில் நோய்.

காற்பகை, ஆக்சிலேட்டர் மிதிக்கும் கால். 45–55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்கிறது பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுச் சங்கம். பின்னால் வரும் ஆம்னி பஸ்காரர் இக்கொள்கையை ஏற்பதில்லை.

வழிப்பகைக்கு மருந்து விடிவதற்கு முன் கிளம்புவது ஒன்றே. காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, பூந்தமல்லி விழித்துக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே குடிக்கும்.

புறனடை: ஏலகிரியில் புலவர், வள்ளல் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகையில் பெட்ரோல் வள்ளல்தன்மையோடுதான் செலவாகும். இறங்குகையில் அதை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது சிக்கனமன்று, தற்கொலை. பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டுவதும் இங்கே விலக்கப்படுகிறது. மைலேஜைக் கூட்டுவதாகச் சொன்ன நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சோதித்தது. குறிப்பிடத்தக்க பலன் தந்தது ஒன்றுமில்லை.

வெறும் கேரியரைக் கழற்றாமல் புது பிளக் வாங்கப் போகிறவர் இந்நூலைப் படிக்கத் தகுதியற்றவர்.