கால் மடக்காமல் ஒரு நடை

கே: பேரன் கார்ட்டூன் பார்க்கிறான், சரி. நாற்பதை நெருங்கும் மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்க்கிறாரே? (ஒரு மாமியார், தில்லைநகர்)

ப: கார்ட்டூன் பார்க்கும்வரை கவலையில்லை, அம்மா. செய்தி சேனல் விவாதம் பார்க்க ஆரம்பித்தால் உடனே எழுதுங்கள்.

கே: வரைந்த பொம்மை அசைந்தால் நமக்கு ஏன் இத்தனை குஷி? (மேலச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்)

ப: சித்திரை வீதியில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? காஞ்சிக்குக் குடையழகு, அரங்கத்துக்கு நடையழகு என்பார்கள். ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் காலை எடுத்து வைப்பதில்லை. நடப்பவர்கள் அவர் பல்லக்கைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள். ஆனால் புறப்பாட்டில் அவர்கள் தோளுக்கினியான் என்ற அந்தப் பல்லக்கைச் சற்றே நிறுத்தி, ஓரடி வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பும்போது கூட்டம் 'சிம்ம கதி!' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. வளைந்து போனால் சர்ப்ப கதி. இராப்பத்து விழாவின் எட்டாம் நாள் வேடுபரி உற்சவத்துக்குப் போய்ப் பாருங்கள். மணல்வெளியில் தங்கக் குதிரை முன்னும் பின்னும் பாய்கிறது. குதிரைக் கால் ஒரு அங்குலம் மடங்குவதில்லை. வேர்த்து விறுவிறுத்துத் தாங்குகிறவர்கள் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள், மூச்சிரைப்புகூடக் கேட்கிறது. இருந்தும் ஓடுவது குதிரைதான். அனிமேஷன் ரசிகருக்கும் இதே நிலைமை: பென்சில் பிடித்த கை ஒன்று இருப்பது தெரியும், தெரிந்தேதான் பொம்மை விழுந்தால் 'ஐயோ' என்கிறார்.

கே: அதற்கு அழகான உருவமாவது வேண்டாமா? (கருமண்டபம்)

ப: வேண்டாம். 1944-ல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் காட்டினார்கள். நடிகர்கள்: பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பெரிய முக்கோணத்தை ரவுடி என்றார்கள், வட்டத்துக்காகப் பரிதாபப்பட்டார்கள். முகமில்லை, வசனமில்லை, நகர்வு மட்டும்தான். நம் மெகா சீரியல்காரர்கள் இதைப் படித்தால் செலவு மிச்சம்.

கே: ஒரு படத்துக்கு எத்தனை ஓவியம் ஐயா? (உறையூர்)

ப: வினாடிக்கு 24 பிரேம். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேம் நிறுத்தி, 12 ஓவியத்தில் சமாளிப்பதும் உண்டு. இடைவெளியை நம் மூளை சம்பளம் கேட்காமல் நிரப்புகிறது. 2017-ல் வந்த 'லவிங் வின்சென்ட்' படத்தில் சுமார் 65,000 பிரேம், அத்தனையும் கையால் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். தறியில் இழை எண்ணிய ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கு மலைப்பாக இருக்காது.

கே: 'கோச்சடையான்' பார்த்தபோது தலைவரே வந்தும் மனசு ஒட்டவில்லை. ஏன்? (பாலக்கரை)

ப: சண்டைக்கு ஆள் அனுப்ப மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். மனிதரைப் போலவே இருக்கும் பொம்மை ஓரளவுவரை பிடிக்கும். கிட்டத்தட்ட மனிதராகவே ஆகிவிட்டால் சட்டென்று மனம் விலகும் என்று 1970-லேயே ஜப்பானிய விஞ்ஞானி மசாஹிரோ மோரி எழுதிவிட்டார். 2014-ல் வந்த இந்தப் படத்துக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. ரஜினி முடியைக் கோதும் வேகம் தமிழ்நாட்டில் கைக்குழந்தைக்கும் மனப்பாடம். இம்மி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவோம். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் கற்பனைப் பிராணி டொட்டோரோ எப்படி நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அது நடந்ததுதான் நடை.

கே: ஜப்பான் அனிமே தமிழ் பேசினால் பொருந்துகிறது; ஹாலிவுட் நடிகர் தமிழ் பேசினால் சிரிப்பு வருகிறது. (ஒரு கல்லூரி மாணவர், சத்திரம் பேருந்து நிலையம்)

ப: வரைந்த முகத்துக்குத் தாய்மொழி கிடையாது, தம்பி. யார் குரல் கொடுத்தாலும் அந்த ஊர். சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூன் தமிழில் அடித்த லூட்டியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படத்துக்குத் தமிழ் டப்பிங்கில் டிக்கெட் எடுத்தீர்கள்!

கே: அசையும் படத்துக்கும் நம் ரயில்வேக்கும் சம்பந்தம் உண்டாமே? (பொன்மலை)

ப: உண்டு. தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-ல் திருச்சிக்கு வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். நடுவில், 1908-ல், பிரான்ஸில் எமீல் கோல் என்பவர் சுமார் 700 கோட்டோவியங்களை அசைய வைத்து 'ஃபாந்தாஸ்மகோரி' எடுத்தார். நம் ரயில்வேக்காரர் பென்சில் பிடித்த கையால்தான் புரொஜெக்டரையும் சுற்றினார். இரண்டையும் சேர்த்திருந்தால்... ஹூம்!

கே: 'மகாவதார் நரசிம்மா' பார்த்த அம்மா தியேட்டரில் எழுந்து நின்று கும்பிட்டார். கம்ப்யூட்டர் பொம்மைக்குக் கும்பிடா? (திருவானைக்காவல்)

ப: ஆற்றைத் தாண்ட வேண்டாம், பக்கம்தான், அம்மாவோடு நீங்களும் ஸ்ரீரங்கம் தாயார் சன்னதிக்குப் போங்கள். அங்கே கம்பர் மண்டபமும், எதிரே மேட்டழகிய சிங்கர் என்ற நரசிம்மரும் இருக்கிறார்கள். கம்பராமாயண அரங்கேற்றத்தில் 'இரணியன் வதை வால்மீகியில் இல்லையே' என்று பண்டிதர்கள் மடக்கியபோது, சிங்கர் சிரித்துத் தலையசைத்து ஒப்புதல் தந்தார் என்பது ஐதிகம். 2025 ஜூலையில் வந்த, அம்மா கும்பிட்ட அந்த அஸ்வின் குமார் படம் இந்திய அனிமேஷனில் அதுவரை இல்லாத வசூலை அள்ளியது. எங்கள் ஊரில் நரசிம்மர் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொண்டார், வசூல் கம்பருக்கு.

கே: நீங்கள் கடைசியாகப் பார்த்த அனிமேஷன்? (ஜங்ஷன்)

ப: நேற்று ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், காவிரிப் பாலத்தில். விளக்குக் கம்பம், மலைக்கோட்டை, விளக்குக் கம்பம், மலைக்கோட்டை. டிரைவர் வேகம் எடுத்ததும் உச்சிப் பிள்ளையார் நகர ஆரம்பித்தார். கண்டக்டர் 'சில்லறையா கொடுங்க சார்' என்றார். இடைவேளை.