பெயர் இரண்டு, ஆள் ஒன்று

கேள்வி: கொழுப்பைக் குறைக்கச் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை சாப்பிடுகிறேன். இயற்கைப் பொருள்தானே, அதை எதற்கு ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள்?

பதில்: எட்டிக்காயும் இயற்கைதான், யாரும் பொரியல் செய்வதில்லையே! சிவப்பு ஈஸ்ட் அரிசி என்பது மொனாஸ்கஸ் என்ற பூஞ்சை வளர்ந்த அரிசி; அது வளரும்போது மொனகோலின் கே என்ற பொருள் உண்டாகிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1979-ல் இந்தப் பூஞ்சையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாடின் மருந்தும் அதே மூலக்கூறுதான். ஆகவே தசைவலி, கல்லீரல் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளும் கூடவே வரலாம்.

ஆய்வகத்தில் திரவ நிறப்பிரிகை முறையில் மொனகோலின் கே-யின் அளவைக் காண்கிறார்கள். அசல் சரக்கில் மொனகோலின் குடும்பமே கூடியிருக்கும். ‘கே’ மட்டும் தனியாக நின்றால், மருந்தைக் கலந்துவிட்டார்களோ என்ற சந்தேகம் எழும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் நச்சையும் தேடுகிறார்கள். ஒரு நாள் அளவில் மொனகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது.

நீங்கள் ஏற்கெனவே லோவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மருந்து சாப்பிடுபவர் என்றால், இது ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்குவது போல. டப்பாவில் வரைந்த பச்சை இலையை நம்பாதீர்கள். டப்பாவையே மருத்துவரிடம் காட்டுங்கள்.