வருங்கால எச்.எம்.

ஸ்டாஃப் ரூமில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் பையில் நீலம், சிவப்பு என்று இரண்டு பேனா இருக்கும். இவர் பையில் பச்சையும் இருக்கும். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற பதவி இன்னும் வரவில்லை. மை காய்ந்துவிடக் கூடாதே என்று வீட்டுப் பால் கணக்கு நோட்டில் தினமும் ஒரு கையெழுத்துப் போட்டு வைக்கிறார்.

ஐம்பதை நெருங்கும் கணக்கு பி.டி. அசிஸ்டென்ட். எம்.எஸ்சி., எம்.எட். முடித்தாயிற்று. இப்போது இக்னோவில் கல்வி நிர்வாகத்துக்கான முதுநிலைப் பட்டயம். மேற்படிப்புக்கு இன்கிரிமென்ட் கிடைத்த காலத்தில் அதற்காகவே படித்தவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியதும் பலர் புத்தகத்தை மூடிவிட்டார்கள். இவர் மூடவில்லை. பதவி உயர்வு பணிமூப்புப் பேனல்படிதான் வரும், பட்டயத்துக்கு அதில் இடமில்லை என்பதும் இவருக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சுழல் நாற்காலியில் படிக்காமல் போய் உட்காருவதாவது!

ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்க நிர்வாகி 1916-இல் வெளியிட்ட 14 கோட்பாடுகளை வாட்ச்மேன் வரை விளக்கியாயிற்று.

"ஒரு ஊழியருக்கு ஒரே அதிகாரிதான் உத்தரவு போடணும்ணே."

"அப்போ டீ வாங்கிட்டு வரச் சொல்லி இனிமே நீங்க அனுப்பாதீங்க சார். எச்.எம். சொல்லட்டும்."

அடுத்த அசைன்மென்ட் மெக்ரிகர் என்ற நிர்வாக அறிஞரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகள். ஊழியர்கள் வேலையைக் கண்டால் ஓடுவார்கள் என்று நிர்வாகி நினைத்தால் எக்ஸ், தானாக இழுத்துப் போட்டுச் செய்வார்கள் என்று நினைத்தால் ஒய். இவர் கணக்கில் ஓடுபவர்களே எக்ஸ், செய்பவர்களே ஒய். அந்த அசைன்மென்டை எழுதுவதற்காகத் தன் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவைப் பார்த்துக்கொள்ளச் சக ஆசிரியர்களிடம் சொன்னார். மறுத்த அத்தனை பேரும் எக்ஸ். ஒய் யார் என்று நாம் கேட்கவே கூடாது.

ஒருநாள் எச்.எம். சி.இ.ஓ. ஆபீஸ் கூட்டத்துக்குப் போக, இவர் பொறுப்பு எச்.எம். ஆனார். வந்ததும் 'பங்கேற்பு முறையில் முடிவெடுத்தல்' பற்றிக் கூட்டம் என்று சர்க்குலர் நோட்டில் எழுதினார், பச்சை மையில். நோட்டு சுற்றி வருவதற்குள் தண்ணீர் மோட்டார் எரிந்தது. சத்துணவில் முட்டை குறைந்தது. எமிஸில் வருகைப்பதிவு ஏறவில்லை. டி.சி. இப்போதே வேண்டும் என்று ஒரு தகப்பனார் வாசலில் உட்கார்ந்துகொண்டார். ஃபயோல் இதில் எதற்கும் பதில் எழுதி வைக்கவில்லை. போனை எடுத்தார்.

"சார், மோட்டார் மெக்கானிக் நம்பர்?"

"காலண்டருக்குப் பின்னாடி சுவத்துல எழுதியிருக்கேன், பாருங்க."

அந்த எச்.எம். நிர்வாகத்தில் ஒரு பட்டயமும் வாங்கியவரில்லை.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி, பதவி உயர்வுக்கு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றோடு பட்டயப் புத்தகம் பரணுக்குப் போயிற்று. இப்போது எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை அட்டை போட்டு மறைத்துப் படிக்கிறார். சந்தேகம் வந்தால் ஒன்பது 'பி' பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதுபோல் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். மொத்தம் 150 கேள்வி. பாடத்திட்டத்தில் ஃபயோல் கிடையாது.